கிட்டாரின் குறை கேட்காத ஆள்

“அட்ரஸ் மட்டும் போதும் மேடம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

ஆதித்யா இதை மூன்றாவது முறையாகச் சொன்னபோது உவைஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். வந்து இருபது நிமிடத்துக்குள் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொல்கிறவன் ஒன்று வேறு பேச்சுத் தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதை வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவனாக இருக்க வேண்டும்.

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறைதான் பிரபாவதியின் துப்பறியும் நிறுவனம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், மேலதிகாரியின் மைத்துனன் கொடுத்த கிளெய்மையும் பிடித்துவிட்டதால் வேலையை விட்டு வெளியே வர நேர்ந்தது. ஐம்பது வயது. தலை பாதி நரைத்துவிட்டது, காது மட்டும் இன்னும் கூர்மை. உவைஸ் அவளுடைய ஒரே உதவியாளன். கோவளத்துக்காரன், இருபத்தெட்டு வயது, வாய்க்கு ஓய்வு கொடுத்ததாக யாரும் பார்த்ததில்லை.

ஆதித்யா நாவலூரில் ஒரு கம்பெனியில் டீம் லீடர். இஸ்திரி கலையாத சட்டை, கச்சிதமான தாடி, அளந்து பேசுகிற பேச்சு. அவன் கதை சின்னது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஃபிளாட்டிலிருந்து கிட்டார் திருட்டுப் போய்விட்டது. நேற்று, பழைய பொருள் விற்கிற ஆப் ஒன்றில் அதே கிட்டார் விற்பனைக்கு வந்திருக்கிறது. மெசேஜ் அனுப்பினான். விற்பவர் அவனை பிளாக் செய்துவிட்டார்.

“உங்க கிட்டார்தான்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?” பிரபாவதி கேட்டாள்.

“பில் என் பேர்ல இருக்கு, பாருங்க. அப்புறம் போட்டோல முன்பக்கம் ஒரு பள்ளம் தெரியுது இல்லையா? அதை நான் எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்.”

“அது எப்படி ஆச்சு?”

“கை தவறி விழுந்துடுச்சு.”

சொல்லும்போது அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

பிரபாவதி ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். “என்கிட்ட ஒரு பழக்கம் உண்டு. விலாசம் கிடைச்சா முதல்ல நான் போய்க் கதவைத் தட்டுவேன். பார்த்துட்டு வந்த பிறகுதான் கட்சிக்காரருக்குச் சொல்லுவேன்.”

“உங்க இஷ்டம் மேடம். ஒரே ஒரு ரெக்வஸ்ட். ரசீதுல, ‘காணாமல் போன கிட்டாரைத் தேடித் தர’ அப்படின்னு தெளிவா எழுதிக் கொடுத்துடுங்க. தேதியும் போட்டுடுங்க.”

அவள் எழுதிக் கொடுத்தாள். அவன் அதைப் படித்துப் பார்த்து, நான்காக மடித்து, பர்ஸுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான். இறங்கும்போது மாடிப்படியில் உவைஸின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனான்.

“விளம்பரத்தைப் படி,” என்றாள் பிரபாவதி.

இந்த விஷயத்தில் உவைஸ் அடிபட்டுத் தேறியவன். கோவளத்தில் அவன் வீட்டு மாடியில் மூன்று பழைய கிட்டார்கள் இருக்கின்றன. மூன்றும் இதே மாதிரி ஆப்பில் வாங்கியவை. ‘லேசான கீறல்’ என்று வாங்கியதில் கழுத்து முறிந்து பசை போட்டு ஒட்டியிருந்தது. ‘ஒரே கை உபயோகம்’ என்று வாங்கியதன் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நான்கு பேருடைய பெயர்கள் இருந்தன. ‘ஸ்டாண்டில் வைத்ததோடு சரி’ என்று எழுதியவன் மட்டும் பொய் சொல்லவில்லை. அந்த ஸ்டாண்ட் வழியாகத்தான் கரையான் ஏறியிருந்தது.

“கேளுங்க மேடம். ‘அகூஸ்டிக் கிட்டார். அவசர விற்பனை.’ அவசரம்னா ஒண்ணு திருட்டுச் சாமான், இல்ல வூட்ல தெரியாம விக்கிற சாமான். ‘பில் இல்லை.’ நான் சொன்னேன்ல. ‘போன் செய்ய வேண்டாம், மெசேஜ் மட்டும்.’ குரலைக் காட்ட மாட்டானாம். ‘நேரில் பார்க்க இயலாது, பஸ் பார்சலில் அனுப்பப்படும்.’ முடிஞ்சுது. பார்சலப் பிரிச்சா உள்ள செங்கல்லுதான் கீது. ‘டைம்பாஸ் ஆட்கள் தவிர்க்கவும்.’”

“இதுக்கு என்ன அர்த்தம்?”

“கேள்வி கேக்காதன்னு அர்த்தம். இத எழுதாத ஆளே கெடையாது மேடம். எந்த டைம்பாஸ் ஆளாச்சும் இதப் படிச்சிட்டு, ஐயோ நம்மளத்தான் சொல்றாங்கன்னு திருந்திப் போயிருக்கானா?”

அவன் போட்டோவைத் திருப்பிக் காட்டினான். ஒரே ஒரு போட்டோ. கிட்டாரின் தலைப்பக்கம் வெட்டப்பட்டு, கம்பெனிப் பெயர் தெரியாமல் இருந்தது. பின்னால் சுவர் தெரியாதபடி ஒரு போர்வை. விற்பவரின் கணக்கு ஆரம்பித்து நான்கு நாள்தான் ஆகிறது.

“எல்லாப் பொருத்தமும் பொருந்திகீது. இவ்ளோ லட்சணமான ஃபிராட நான் பாத்ததே இல்ல.”

“கடைசி வரியை விட்டுட்ட.”

உவைஸ் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டு வந்தான். ‘முன்பக்கம் பள்ளம் உண்டு. முதல் கம்பி ஒரிஜினல் இல்லை, தங்கூஸ்.’

தங்கூஸ் என்றால் மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. கோவளத்தில் குழந்தைகூடச் சொல்லும். அதை எஃகுக் கம்பி போட வேண்டிய இடத்தில் கட்டி ஒருவர் கிட்டார் விற்கிறார் என்பதும், அதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார் என்பதும் உவைஸுக்குப் புதிது.

“ஃபிராடு பண்றவன் தன் சரக்கோட குறையை எழுதுவானா?”

“மாட்டான் மேடம்,” என்றான் உவைஸ், கொஞ்சம் வருத்தத்தோடு. அவனுடைய பொருத்தம் கெட்டுப் போயிற்று.

“நீ ஒரு பழைய கிட்டார் வாங்கப் போனா முதல்ல என்ன கேப்ப?”

“வேற இன்னா குறை கீதுன்னு கேப்பேன். வாங்கறவன் எவனும் அதத்தான் கேப்பான்.”

“மூணு மாசம் கழிச்சு இந்த ஆளு தன்னோட கிட்டாரைப் பார்த்திருக்காரு. யாரோ அதுல தங்கூஸ் கட்டியிருக்காங்க. அதைப் பத்தி ஒரு வார்த்தை வருத்தப்பட்டாரா? கிட்டார் நல்லா இருக்கான்னு கேட்டாரா?”

“டென்ஷன்ல மறந்திருப்பாரு.”

“ரசீதுல என்ன எழுதணும்னு மறக்கலயே.”

உவைஸுக்கு அது பிடிக்கவில்லை. மேடத்துக்குக் கட்சிக்காரர்களைச் சந்தேகப்படாவிட்டால் சாப்பாடு இறங்காது என்பது அவன் முடிவு. அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதும் அவனுக்குத் தெரியும். தொழில் தொடங்கிய முதல் வருடத்தில் அவள் ஒருவனுடைய விலாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். சொந்த அண்ணன் தேடுகிறார் என்றுதான் கேட்டவன் சொன்னான். பத்து நாள் கழித்து அந்த விலாசக்காரனை அரசு ஆஸ்பத்திரியில், இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்துதான் இந்தக் கதவு தட்டுகிற பழக்கம்.

“மேடம், இங்க பாருங்க,” என்று திடீரென்று நிமிர்ந்தான் உவைஸ்.

கிட்டார் ஒரு நீல நிறப் பொருள்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பெரிதாக்கினால் அதன் ஓரத்தில் வெள்ளை பெயிண்டில் கையால் எழுதிய எழுத்துகள். மேலே ‘ரெஜி’, கீழே ‘சதுரங்’.

“மீன் பெட்டி. ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டு இதுலதான் மார்க்கெட்டுக்கு ஏத்துவாங்க. பேரும் ஊரும் எழுதலன்னா காலிப் பெட்டி திரும்பி வராது, எவனாச்சும் தூக்கிகினு பூடுவான். ரெஜினா, ரெஜிஸ், யாரோ ஒருத்தர். ஊரு சதுரங்கப்பட்டினம்.” அவன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். “சுவத்த மறைச்சாங்க, பேர மறைச்சாங்க, பெட்டிய மறைக்கல பாருங்க. மீன் வியாபாரம் பண்ற வூட்ல பெட்டி ஒரு சாமானாவே கண்ணுல படாது மேடம். எங்க மாமி வூட்ல அதுமேலதான் டீவியே கீது.”

பிரபாவதி கார் சாவியை எடுத்தாள்.

அவளுடைய கார் திருக்கழுக்குன்றம் வந்ததும் வழக்கம்போல் தண்ணீர் கேட்டது. அவள் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, குடத்தோடு எதிர்க்கடைக்குப் போனாள். உவைஸின் போன் அடித்தது. ஆதித்யா.

“ஏதாவது தெரிஞ்சுதா உவைஸ்? ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ஆசையா வாங்கினது அது.”

அந்தக் குரலில் இருந்த தவிப்பு உவைஸை எங்கோ தொட்டது. மூன்று தடவை ஏமாந்தவன் அவன். பணத்தை அனுப்பிவிட்டு, பார்சலைப் பிரித்துவிட்டு, உடைந்த கழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவனுக்காக யாரும் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. அதோடு, மீன் பெட்டியைக் கண்டுபிடித்தவன் அவன்தான். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

“சதுரங்கப்பட்டினம் சார். மீன் யாவாரம் பண்ற வூடு, ரெஜினாவோ என்னவோ பேரு. மேடத்துக்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

“சேச்சே. தேங்க்ஸ்டா தம்பி.”

கண்டுபிடித்ததற்கு ஒரு பாராட்டுகூட இல்லை. கிட்டாரைப் பார்த்தாயா என்ற கேள்வியும் இல்லை. லைன் கட்டாகிவிட்டது. பிரபாவதி தண்ணீரோடு வந்தபோது உவைஸ் போனைப் பையில் போட்டுக்கொண்டு, இந்தக் காரை விற்பதாக இருந்தால் ‘லேடி டிரைவர், கோவிலுக்கு மட்டும் ஓட்டியது’ என்று விளம்பரம் எழுதலாம் என்றான். அவள் சிரிக்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் ரெஜினாவைக் கண்டுபிடிக்கத் துப்பறியவே வேண்டியிருக்கவில்லை. ஊரின் பழைய கோட்டைச் சுவரைத் தாண்டி இறங்கும் சந்தில் முதலில் பார்த்த பெண்ணைக் கேட்டதும், “அதோ, வஞ்சரம் வெட்டிகினு கீதே, அதுதான்,” என்று கை காட்டினாள். ரெஜினாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் நான்கு நீலப் பெட்டிகள், நான்கிலும் வெள்ளை எழுத்து.

“கிட்டார் விக்கிறதா விளம்பரம் பார்த்தோம்,” என்றாள் பிரபாவதி.

கத்தி மீனின் பாதியில் நின்றது. பிறகு, நின்றதே தெரியாத மாதிரி தொடர்ந்தது.

“கிட்டாரா? எங்க வூட்ல மீனுதாம்மா கீது. வஞ்சரம் வேணும்னா சொல்லு, நல்ல மீனு.”

“உங்க பெட்டிமேல வெச்சுத்தாங்க போட்டோ எடுத்திருக்காங்க.”

ரெஜினா பெட்டியைப் பார்த்தாள். வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற பெட்டி. அதில் தன் பெயர் இருப்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது போலிருந்தது.

பிரபாவதி இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். “நான் உங்களை ஒண்ணும் கேக்கப் போறதில்ல. என்னை அனுப்பின ஆளோட பேரை மட்டும் சொல்றேன். ஆதித்யா.”

ரெஜினா கத்தியைக் கீழே வைத்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அவனும் கூட வந்துகிறானா?”

“இல்ல, நாங்க ரெண்டு பேர்தான்,” என்றாள் பிரபாவதி. உவைஸ் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தான்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் ரெஜினா அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போனாள். இரண்டு சந்து தள்ளி. உள்ளே, போர்வை மாட்டிய கயிற்றுக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் சிநேகா. முப்பது வயது இருக்காது. வாசல் பக்கத்தில், எடுத்தால் ஓடலாம் என்கிற மாதிரி ஒரு பை கட்டி வைத்திருந்தது. கிட்டார் மூலையில் சாய்ந்திருந்தது. முன்பக்கத்தில், ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே, நல்ல ஆழமான பள்ளம்.

உவைஸ் அதைத் தொட்டுப் பார்த்தான். மூன்று கிட்டார் வாங்கிய அனுபவம் விரலுக்கு இருந்தது. கை தவறி விழுகிற கிட்டார் அடி ஓரம் பட்டுத்தான் விழும், இல்லாவிட்டால் தலை உடையும். நெஞ்சில் இப்படிப் பள்ளம் விழாது.

“மேஜை முனைமேல வீசினார்,” என்றாள் சிநேகா, அவன் கேட்காமலே. “முதல்ல என்மேலதான் வீசினார். நான் நகர்ந்துட்டேன்.”

அவள் அழாமல், அவசரமில்லாமல் சொன்னாள். பலரிடம் பல தடவை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை. தங்கள் கல்யாணத்துக்கு ஆதித்யா அவளுக்கு வாங்கிக் கொடுத்த கிட்டார் அது. அதனால்தான் பில் அவன் பெயரில். ரெஜினா வாரம் இரண்டு நாள் நாவலூர் ஃபிளாட்டுகளுக்கு மீன் கொண்டுவருவாள். சிநேகாவின் கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் மீனை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, “வர்றியா?” என்று கேட்டாள். லோடு ஆட்டோவில் காலிப் பெட்டிகளுக்கு நடுவே, மடியில் கிட்டாரோடு வெளியே வந்தாள் சிநேகா. கேட்டில் செக்யூரிட்டி மீன் வண்டியை ஒருநாளும் சோதித்ததில்லை.

“செங்கல்பட்டு கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கேன். அவர் நான் இருக்கற இடத்துக்கு வரக்கூடாது. ஆனா முதல்ல நான் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு ரெண்டு தடவை வந்தார். ரெண்டு தடவையும், ‘என் பொருளை எடுக்க வந்தேன், இவ இங்க இருக்கறது எனக்குத் தெரியாது’ன்னுட்டார். கையில ஏதாவது ஒரு காகிதம் வெச்சிருப்பார். போலீஸ்ல விட்டுட்டாங்க. அதான் இங்க வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல ஒரு ஸ்கூல்ல வேலைக்குச் சேரணும். போற செலவுக்குத்தான் கிட்டாரை விக்கலாம்னு, ரெஜினாக்கா போன்லேருந்து போட்டேன். அவர் கண்ணுல படக்கூடாதுன்னு எல்லாத்தையும் மறைச்சேன். பள்ளத்தை மட்டும் மறைக்க மனசு வரல. வாங்கறவங்களை ஏமாத்தற மாதிரி ஆயிடும்.”

போன் செய்ய வேண்டாம். நேரில் பார்க்க இயலாது. பில் இல்லை. அவசரம். உவைஸ் அந்த வரிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் திரும்பப் படித்தான். காலையில் மோசடிக்காரனுடைய லட்சணமாகத் தெரிந்ததெல்லாம், உயிருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறவளுடைய லட்சணம். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், இது ஏன் தனக்கு உறைக்கவில்லை? அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“ரசீது,” என்றாள் பிரபாவதி மெதுவாக. “இந்தத் தடவை அவர் கையில இருக்கப்போற காகிதம் நான் எழுதிக் கொடுத்த ரசீது. கிட்டாரைத் தேடித்தான் போனேன், துப்பறியறவங்க கொடுத்த விலாசம்னு சொல்லிடலாம். நல்லவேளை, விலாசம் இன்னும் கொடுக்கல.”

“மேடம்.”

உவைஸ் கிட்டாரிலிருந்து கையை எடுத்தான்.

“நான் குடுத்துட்டேன். திருக்கழுக்குன்றத்துல. போன்ல. பாவம்னு நெனச்சேன் மேடம். என்ன மாதிரி ஏமாந்த ஆளுன்னு நெனச்சேன்.”

உவைஸ் போனை எடுத்துப் பார்த்தான். ஆதித்யாவிடமிருந்து மெசேஜ் வந்து அரை மணி நேரமாகியிருந்தது. ‘கிளம்பிட்டேன்.’

சிநேகா எழுந்து வாசல் பையை எடுத்தாள். ரெஜினா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஏன் ஓடற? இன்னும் எத்தன வூட்டுக்கு ஓடுவ? உக்காரு.”

பிரபாவதி உவைஸைப் பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் திட்டவில்லை.

“இதை நான் மறக்க மாட்டேன். நீயும் மறக்காத. இப்ப உட்கார்ந்து ஒரு விளம்பரம் எழுது.”

“இன்னா விளம்பரம்?”

“கிட்டார் கிடைச்சுடுச்சு, வந்து வாங்கிக்க வேண்டாம், நாங்களே கொண்டுவந்து தர்றோம்னு. கிட்டார் தேடறவனா இருந்தா வண்டியைத் திருப்பிடுவான். திருப்பலன்னா அவன் வாயாலேயே சொல்லட்டும், எதைத் தேடறான்னு. அவசர விற்பனை மாதிரி இருக்கணும். யோசிக்க நேரம் கொடுக்காத.”

உவைஸுக்குப் புரிந்தது. ஏமாற்றுகிற வரிகளை அவனைவிட அதிகமாகப் படித்தவர்கள் இந்தக் கடற்கரையில் இல்லை. உடனே தட்டினான்.

‘சார் கிட்டார் கெடச்சிச்சு. எங்க கார்ல ஏத்தியாச்சு. நீங்க வர வேணாம், சாயங்காலம் நாவலூர்லயே குடுத்துடறோம். இங்க வூட்டக் காலி பண்ணிகினு எல்லாரும் கிளம்பறாங்க. நாங்களும் கிளம்பறோம்.’

பிரபாவதி அதற்குள் பக்கத்து மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். சிநேகா உத்தரவின் நகலைப் பையிலிருந்து எடுத்தாள். ரெஜினா வெளியே போய்ச் சந்து முனையில் இருந்த பெண்களிடம் ஏதோ சொன்னாள். உவைஸ் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நீலக் குறி விழுந்தது. ஒரு நிமிடம் ஆனது. இன்னொரு நிமிடம். ஆதித்யா வண்டியைத் திருப்பிவிட்டால், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு அதே ரசீதோடு வருவான்.

போன் அதிர்ந்தது.

‘கிட்டார் எக்கேடும் கெட்டுப் போகட்டும். சிநேகா கிளம்பிட்டாளா? அவளைப் போக விடாதே. பத்து நிமிஷத்துல வந்துடறேன்.’

உவைஸ் போனைப் பிரபாவதியிடம் நீட்டினான். அவள் ஒரு முறை படித்தாள். “இதான் அவன் விளம்பரம்,” என்றாள்.

பத்து நிமிடம் என்றவன் பன்னிரண்டாவது நிமிடத்தில் வந்தான். அதற்கு முன்பே ஜீப் வந்து, சந்துக்குள் மறைவாக நின்றிருந்தது. வெள்ளைக் கார் முனையில் நிற்க, ஆதித்யா இறங்கினான். இரண்டு பக்கமும் வரிசையாக மீன் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் நகரவில்லை. அவன் நிதானமாகத்தான் நடந்து வந்தான். இன்ஸ்பெக்டர் எதிரில் வந்தபோதும் முகம் மாறவில்லை. பர்ஸைத் திறந்து, நான்காக மடித்த ரசீதை எடுத்தான்.

“என் கிட்டாரைத் தேடி வந்தேன் மேடம். திருட்டுப் போனது. இதோ இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. வேற யார் இங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது.”

ரெஜினா கிட்டாரைக் கொண்டுவந்து அவன் காலடியில் இருந்த பெட்டியின்மேல் வைத்தாள். “இந்தா, எடுத்துக்கோ.”

மூன்று மாதமாகத் தேடிய கிட்டார். அவன் குனிந்து பார்க்கவில்லை. கண் அவர்கள் தலைக்கு மேலாக ரெஜினாவின் வீட்டு வாசலைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் உவைஸின் போனை வாங்கி, அந்த மெசேஜை எழுத்து விடாமல் உரக்கப் படித்தார். சிநேகா என்ற பெயர் வந்ததும் ஆதித்யா ரசீதை மடிக்க ஆரம்பித்தான். மடித்தான், மறுபடி மடித்தான், அதற்கு மேல் மடிக்க இடமில்லை.

“நீ என்னோட ஆள்தானே?” என்று உவைஸைப் பார்த்துக் கேட்டான்.

உவைஸ் தலையை ஆட்டினான், இல்லை என்று. ஆதித்யாவை ஜீப்பில் ஏற்றினார்கள். பெண்களில் ஒருத்தி எழுந்து வழிவிட்டாள்.

ஜீப் போன பிறகு சிநேகா வெளியே வந்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தாள். பிரபாவதி ரெஜினாவிடம் வஞ்சரத்துக்கு விலை கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

உவைஸ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான். மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

“கிட்டார நானே எடுத்துக்கறேங்க. நீங்க போட்ட விலைக்கே. அந்தத் தங்கூஸ் கட்டினது யாரு?”

“நான்தான்,” என்றாள் ரெஜினா, மீனிலிருந்து தலையைத் தூக்காமல். “கம்பி அறுந்துபோச்சுன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு இருந்துச்சு. கடைக்குப் போகவும் பயம். எங்கிட்ட இருந்தது அதான்.”

உவைஸ் கிட்டாரைப் பார்த்தான். “வேற இன்னா குறை கீது?”

சிநேகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை அவள் நான்கு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக, பொறுமையாகச் சொன்னாள். கழுத்தில் மூன்றாவது கட்டத்தில் அழுத்தினால் இரைச்சல் வரும். உப்புக்காற்றில், கம்பியை முறுக்கும் ஆணி ஒன்று பச்சை பிடித்து இறுகிவிட்டது. பள்ளத்துக்கு உள்பக்கம் ஒரு விரிசல் இருக்கிறது, வெளியே தெரியாது. மழை நாளில் சுருதி நிற்காது.

“அவ்வளவுதான். வேற எதையும் மறைக்கல.”

“எனக்கு ஓகே. பார்சல் வேணாம், கையிலயே எடுத்துக்கறேன்.”

சிநேகா முதல் கம்பியை விரலால் தட்டினாள். தங்கூஸ் மற்ற கம்பிகளைப் போல ஒலிக்கவில்லை, தணிவாக, கொஞ்சம் கரகரப்பாக ஒலித்தது. அவள் காது கொடுத்துக் கேட்டாள். ரெஜினாவின் போனை வாங்கி, ஆப்பைத் திறந்து, அந்த விளம்பரத்தை அழித்தாள்.

“இல்லங்க. விக்கல. கோயம்புத்தூருக்குக் கொண்டு போறேன். போற செலவுக்கு ரெஜினாக்காகிட்ட கடன் கேட்டுக்கறேன்.”

உவைஸ் ஒரு பெருமூச்சு விட்டான். எழுதியது அத்தனையும் உண்மையாக இருந்த ஒரே ஒரு கிட்டார், அதுவும் கைக்கு வரவில்லை. ஆனால் மனசு என்னவோ லேசாக இருந்தது.

“அப்ப இவ்ளோ நேரம் எல்லாத்தையும் சொன்னது?”

“நீங்க கேட்டீங்களே,” என்றாள் சிநேகா. “கேட்டவங்களுக்குச் சொல்லணுமில்ல.”